இந்தக் குடில் எந்த ஊர்?

1

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் கராஜில் பத்து மணித் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோது, எங்கள் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தலைப்பு: பாலன் குடில். நான்கு வரிக் கடிதம். அதனோடு நான்கு பக்கப் படிவம்.

இந்த வருசம் கிறிஸ்மஸ் குடிலில் வைக்கோல் கூடாது. மண், மணல் கூடாது. மின்குமிழ்கள் சோதிக்கப்பட்டு, அதற்கான ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். சென்ற ஆண்டுக் குடில் சிலருக்குக் குழப்பமாக இருந்ததாம். ஆகவே இம்முறை பெத்லகேமை நினைவூட்டும்படி அமைத்தால் நல்லதாம்.

தேநீர் ஆறிப்போனது. அன்று கழுவிய பஸ்கள் எல்லாவற்றிலும் என் கோபம் கொஞ்சம் கொஞ்சம் போயிருக்கும். கண்ணாடிகள் நன்றாகத்தான் மினுங்கின.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். நான் மன்னார் தீவுக்காரன். இருபத்துநான்கு வருசமாக லண்டனின் தெற்கில், சட்டனில் இருக்கிறேன். கத்தோலிக்கர்கள் நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்லுவோம். எங்கள் கோயிலில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை உண்டு. பதினொரு வருசத்துக்கு முன் இங்கே இருந்த பாதர், கிறிஸ்மஸ் குடிலைத் தமிழ் ஆட்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். தமிழ் ஆட்கள் என்றால் கூட்டத்தில் முப்பது பேர் கை உயர்த்தினார்கள். வேலை என்று வந்தபோது நான் ஒருவன்.

நான் செய்தது மன்னார். கரை, கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், நாலு பனை, வேர் மேல்நோக்கி நிற்பதுபோல் கிளை விரித்த பெருக்க மரம். அந்தப் பெரிய மரத்தின் அடிதான் என் மாட்டுத்தொழுவம். மரம் முழுக்கக் கடதாசிக் கூழ். பஸ்ஸில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவைத்து அரைத்துச் செய்தது. பிறகு கழுதைகள். மன்னாரைக் கண்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காணாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே கழுதை பஸ் நிலையத்தில் நிற்கும், வங்கி வாசலில் நிற்கும், மழை வந்தால் கடை விறாந்தையில் ஆட்களோடு சேர்ந்து ஒதுங்கும். உலகத்துக் குடில்களில் ஒரு கழுதை போதும். நான் வருசத்துக்கு ஒன்றாகக் கூட்டி, சென்ற வருசம் பதினொன்று வைத்திருந்தேன்.

குழப்பம் என்று எழுதினார்களே, அதுதான் என்னைக் குடைந்தது. நான் வந்த முதல் கிறிஸ்மஸுக்கு அதே கோயிலில் குடில் பார்த்தேன். மரக்கட்டை வீடு, கூரையெல்லாம் பஞ்சுப் பனி. இடையர்களுக்குக் கம்பளித் தொப்பி. பனி விழுகிற நாட்டுக்காரர் யாரோ தன் ஊரிலேயே குழந்தையைக் கிடத்தியிருந்தார். குடில் செய்கிறவன் தன் இடத்தைத்தான் செய்கிறான் என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன். அந்தப் பனி வீட்டைப் பார்த்துக் குழப்பமாக இருக்கிறது என்று ஒருவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

2

படிவத்தை நிரப்ப இரண்டு நாள் எடுத்தது. எரியக்கூடிய பொருட்கள், தடுக்கி விழக்கூடிய இடங்கள், அவசர வழி. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: விலங்குகள் உண்டா? உண்டென்றால் எத்தனை? நான் உண்மையைச் சொல்லும் ஆள். கழுதை, பதினொன்று என்று எழுதி அனுப்பினேன்.

மறுநாள் வேலைநேரத்தில் பங்கு அலுவலகப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டா. கழுதைகள் முன்வாசலால் வருமா, பக்கவாசலாலா என்று ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டா. பக்கத்தில் தண்ணீர் விசையாக அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாதிதான் கேட்டது.

"இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"வீட்டில், பெட்டிக்குள்ளே."

"எல்லாவற்றையுமா?"

"ஆமாம். பழைய துணி சுற்றி, மூடி ஒட்டி வைத்திருக்கிறேன்."

மூடியில் துளையாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டா. கடதாசிக் கழுதைகள் என்று விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் மேற்பார்வையாளர் இரண்டு முறை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். பங்கின் பாதுகாப்புப் பொறுப்பு மார்கரெட்டிடம். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மா. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவ. குரலை உயர்த்தாமல் ஆளை இருத்தத் தெரிந்தவ. சட்டனில் பாதிப் பேரின் பிள்ளைகளை அவவுக்குப் பெயர் சொல்லித் தெரியும். என் பெயரை மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பா.

மணல் இல்லாமல் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடலும் கரையும் இல்லாமல் என் ஊர் இல்லை. கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் சுருங்கிவிடும்.

"நோ சாண்ட், ஹவ் ஐ மேக் ஷோர்?" என்றேன். கரையை எப்படிச் செய்வது என்று கேட்டேன்.

"எக்ஸாக்ட்லி!" என்றா மார்கரெட், முகம் மலர்ந்து. "டு மேக் ஷுவர். அதற்காகத்தானே படிவம்."

வெள்ளைக்காரர் வாயில் கரையான ஷோருக்கும் நிச்சயமான ஷுவருக்கும் ஒரே ஓசை. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஒத்துக்கொண்டதாகக் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது.

பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார்கள். கோயிலுக்குள் வைக்க ஒரு குடிலை விற்பனைப் பட்டியல் பார்த்து ஏற்கெனவே வரவழைத்துவிட்டார்களாம். எரியாத பொருள், கழுவலாம். நாங்கள் பக்கத்து மண்டபத்தில், பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், ‘உலகக் குடில்கள்’ என்ற பகுதியில் வைக்கலாம். பிலிப்பைன்ஸ்காரர், நைஜீரியர், போலந்துக்காரர், நாங்கள். எங்களுக்கு ஒரு மடிப்பு மேசையில் பாதி. மறுபாதி போலந்துக்கு.

பதினொரு வருசம் பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஊரைத் தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார்கள். அதையும் உலகம் என்று பெயர் வைத்துச் சொல்கிறார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது இதற்கான நல்ல ஆங்கிலப் பதில்கள் ஐந்தாறு வந்தன. எல்லாம் பிந்தி வந்தவை.

3

மணல் இல்லையென்றால் பின்னுக்கு ஒரு படமாவது வேண்டும் என்று நினைத்தேன். அட்டையில் கடல் வரைந்து நிறுத்தினால், பாதி மேசையிலும் கொஞ்சம் தூரம் தெரியும். வீட்டில் வரைகிற ஆள் இருக்கிறாள். என் மகள் ஷரோன். பதினேழு வயது. கல்லூரியில் சித்திரம் படிக்கிறாள்.

"பின்னுக்கு வைக்க ஒரு கடல் கீறித் தாறியே பிள்ளை?"

"ஐ கான்ட், அப்பா. கோர்ஸ்வர்க் இருக்கு."

"ஒரு கடல்தானே."

"எந்தக் கடல்? நான் பார்த்த கடல் பிரைட்டன்தான்."

"மன்னார்க் கடல். எத்தனை வருசமாய்ச் செய்து காட்டுறன்."

"யூ ஷோ மீ டாங்கீஸ், அப்பா." நான் காட்டுவது கழுதைகளைத்தானாம். கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். "எவ்ரி இயர். எனக்கு அது ஒரு கிரீட்டிங் கார்ட் மாதிரி. ஸொறி."

அவள் குளிக்கப் போன நேரம் மேசையில் கிடந்த சித்திரக் கொப்பியைத் திறந்தேன். கோர்ஸ்வர்க்குக்குக் கொடுத்த தலைப்பு முதல் பக்கத்தில் இருந்தது. ‘இடம்’ என்று ஒரே சொல். எனக்கு மனசு துள்ளியது. அப்படியென்றால் கடலாவது, கோயிலாவது, அவளுடைய அம்மம்மா வீட்டுப் பழைய படங்களாவது இருக்கும் என்று புரட்டினேன்.

எங்கள் மாடி வீட்டின் படிக்கட்டு. கைப்பிடியில் நிறம் உரிந்த இடம் வரைக்கும். பஸ் மேல்தட்டின் முன்கண்ணாடி, அதில் யாரோ விரலால் கீறிய முகம். உடுப்புத் தோய்க்கும் கடையில் சுற்றும் இயந்திரங்கள், முன்னால் கதிரையில் தூங்கும் ஒரு மனிசன். குப்பைத்தொட்டி, அதற்குப் பின்னால் நரியின் வால். தமிழ்க் கடையின் பின்பக்கம், அடுக்கிய வெறும் மீன் பெட்டிகள். பக்கம் பக்கமாக இதுதான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா இது?" என்றேன். "இடம் எண்டு கேட்டா குப்பைத்தொட்டியையே கீறுறது? இதுவும் ஒரு இடமே? பாக்கிற ஆக்களுக்கு என்ன விளங்கும்?"

"ஓகே," என்றாள். அந்த ஒரு சொல்தான். கொப்பியை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

குசினியில் நின்ற என் மனைவி றெஜினா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "இஞ்சாருங்கோ, கோயிலில இருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வந்ததெல்லே. அதையே தமிழில சொன்ன மாதிரிக் கிடந்தது."

"ரெண்டும் ஒண்டில்லை," என்றேன்.

"ஓம், ஓம்," என்றாள். மீனைப் புரட்டிப் போட்டாள்.

4

மகள் வரையாவிட்டால் படம் எடுத்துப் பெரிதாக அச்சடிக்கலாம் என்று, மன்னாரில் இருக்கும் என் தமையன் பீற்றர் அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன். சென்ற வருசக் குடிலின் படத்தையும் சேர்த்து அனுப்பி, இதே மாதிரிக் கரையைப் படம்பிடித்து அனுப்புங்கோ என்று கேட்டேன். அண்ணை மீன்பிடிச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சொன்னால் அன்றைக்கே செய்வார். மோட்டார் சைக்கிளில் போய் மூன்று படம் எடுத்து அனுப்பினார்.

மூன்றிலும் காற்றாலைகள். கரை நெடுக வெள்ளைத் தூண்கள், மேலே மும்மூன்று சிறகு. வள்ளங்கள் அதன் கீழே சின்னப் பொருட்கள்போல் கிடந்தன. எல்லாம் கண்ணாடிநார் வள்ளம், நீலமும் சிவப்பும். நான் செய்யும் மர வள்ளம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் இடைவேளையில் கூப்பிட்டேன். அங்கே பின்னேரம்.

"அண்ணை, படம் கிடைச்சது. அந்தக் காத்தாலை இல்லாம ஒண்டு எடுக்க ஏலாதோ?"

"எப்பிடி எடுக்கிறது? எங்கால திரும்பினாலும் அதுதான் நிக்குது. கையால மறைக்கவோ?"

"கொஞ்சம் கீழ குனிஞ்சு எடுத்தா..."

"டேய்." அண்ணையின் குரல் மாறியது. "இன்னும் இன்னும் கொண்டந்து நடப்போகினம் எண்டு சனம் எதிர்ப்புக் காட்டி ரோட்டில இருக்குது. நானும் போய் இருந்திட்டுத்தான் வாறன். வெயில் மண்டையைப் பிளக்குது. நீ என்னெண்டா அங்க இருந்துகொண்டு, அது இல்லாத மாதிரி ஒரு படம் கேக்கிறாய்."

அண்ணை அதோடு விடவில்லை.

"நீ அனுப்பின குடில் படத்தை என்ர பேரப்பிள்ளையளுக்குக் காட்டினனான். என்ன கேட்டதுகள் தெரியுமோ? இது லண்டனில எந்த இடம் எண்டு கேட்டதுகள்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"கழுதை எல்லாம் வடிவாத்தான் இருக்கு," என்றார் கடைசியில், என்னை ஆற்றுவதற்காக. "ஆனா அதுகளும் இப்ப பிளாஸ்ரிக் பைதான் தின்னுதுகள்."

கராஜுக்குள் திரும்பிப் போய் ஒரு பஸ்ஸுக்குள் ஏறி, யாரோ சிந்திவிட்டுப் போன கோலாவைத் துடைத்தேன். இங்கே இருப்பவர்களுக்கு என் குடில் பெத்லகேம் இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு அது மன்னார் இல்லை. என் வீட்டுப் பிள்ளைக்கு அது வாழ்த்து அட்டை. பதினொரு வருசமாக நான் எந்த ஊரைத்தான் செய்துகொண்டிருந்தேன்? நான் விட்டுவந்த வருசத்தை, அது ஒரு ஊர் என்று நினைத்து, தூசு தட்டித் தட்டி வைத்திருந்தேனா? யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது. மார்கரெட்டோடா, அண்ணையோடா, மகளோடா என்று தெரியவில்லை. எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் சரியாகச் சொல்லியிருந்தார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

5

அடுத்த சனிக்கிழமை காலை, அண்ணையின் படங்களைக் கணினியில் போட்டுக் காற்றாலைகளை அழிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அண்ணை அவ்வளவு சொன்ன பிறகும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஷரோன் பாண் துண்டொன்றைக் கடித்தபடி பின்னால் வந்து நின்றாள். அந்தக் கொப்பிச் சண்டைக்குப் பிறகு நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டும்தான் பேசினோம்.

"தட்ஸ் பெரியப்பாஸ் பீச்," என்றாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"வீடியோ கால்ல வரேக்க பின்னால அதுதானே எப்பவும் சுத்திக்கொண்டிருக்கும். பெரியப்பா கதைக்கேக்க நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்." திரையைக் கிட்ட வந்து பார்த்தாள். "ஏன் அழிக்கிறீங்கள்? எனக்கு மன்னார் எண்டா அதுதான், அப்பா."

நான் கையை எடுத்துவிட்டேன்.

அவளாகவே ஒரு பெரிய அட்டையை எடுத்து வந்தாள். ஒன்றரை மணித்தியாலத்தில் வரைந்தாள். வெள்ளைத் தூண்களின் சிறகுகள் அட்டையின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றன. கடல், வெயிலில் வெளிறிய தகரத்தின் நிறம். கொஞ்சம் சின்னதாகக் கீறலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "தே ஆர் நாட் ஸ்மால்," என்றாள். வானத்தை நீலமாக்கச் சொன்னேன். படத்தில் நீலமாக இல்லை என்றாள். இரண்டு தரம் சண்டை வந்தது. பாதி மேசைக்கு நாலு கழுதைக்கு மேல் ஏறாது என்று அவள்தான் எண்ணி எடுத்தாள். எவற்றை விடுவது என்பதில் மூன்றாம் சண்டை. கடைசியில் பார்த்தபோது எனக்குப் பிடித்திருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பிடிக்கவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"அண்டைக்கு உன்ர கொப்பியைப் பாத்து நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"லீவ் இட், அப்பா." தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தோம். எங்கள் பாதி மேசைக்கு முன்னால் ஏற்கெனவே ஓர் அட்டை அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள்: ‘இலங்கை. பாரம்பரியக் கிராமம்.’ பின்னால் காற்றாலைச் சிறகுகள் நிற்கின்றன, முன்னால் பாரம்பரியக் கிராமம் என்று எழுதியிருக்கிறது. அலுவலகத்தில் போய் மாற்றித் தரச் சொன்னேன். வரிசையாக எல்லா மேசைக்கும் ஒரே மாதிரி அச்சடித்தது, இனி புது வருசத்துக்குப் பிறகுதான் என்றார்கள். என் சட்டைப்பையில் பேனை இருந்தது. அட்டையைத் திருப்பி ‘மன்னார்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி நிறுத்தினேன்.

குடிலைப் படமெடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். "ஓம், இது இஞ்சதான்," என்று பதில் வந்தது. வேறொன்றும் எழுதவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் தேநீருக்கு வந்தார்கள். பலர் பார்த்துவிட்டுப் புன்னகைத்துப் போனார்கள். போலந்துக் குடில் பளபளக்கும் தாளால் கட்டிய மாளிகை. பிள்ளைகள் அதையே சுற்றி நின்றார்கள். மார்கரெட் கோப்பையோடு எங்கள் பக்கம் வந்தா. நான் தயாரானேன். இந்த முறை ஆங்கிலத்தை முன்கூட்டியே அடுக்கி வைத்திருந்தேன்.

அவ அட்டையைக் குனிந்து வாசித்தா. "மேனர்," என்றா.

"மன்னார்," என்றேன்.

"மேனர். எவ்வளவு நல்ல பெயர். எங்கள் அப்பா எங்கள் தெருவை அப்படித்தான் சொல்லுவார். லண்டனில் அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் சொந்த இடத்தை மை மேனர் என்பார்கள். யாராவது வந்து வம்பு பண்ணினால் அப்பா வாசலுக்குப் போய், திஸ் இஸ் மை மேனர் என்று சத்தம் போடுவார்." காற்றாலைகளைப் பார்த்தபடி நின்றா. "அந்தத் தெரு இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கதவு எந்த இடத்தில் இருந்தது என்று போய்த் தேடினேன். பிடிபடவில்லை."

இவவோடு இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருக்கத்தான் நான் நினைத்திருந்தேன். இப்படி ஒன்றைச் சொல்லுவா என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுக்கி வைத்திருந்த வசனங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"மன்னார்," என்றேன் மறுபடியும். "ன்னா. மன்-னார்."

"மேனர்," என்றா அவ, கவனமாக, பிள்ளைகள் திருப்பிச் சொல்வதுபோல.

மூன்றாம் தரம் திருத்த வாயெடுத்தேன். ஷரோன் என் முழங்கையைப் பிடித்தாள்.

"விடுங்கோ, அப்பா," என்றாள் மெதுவாக. "அவ தன்ர இடத்தைச் சொல்லுறா."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூட வந்தது.